கோல்ட்ஃபிஷ் துரத்துது, வால் கிழியுது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோல்ட்ஃபிஷ் வளர்க்கிறவங்ககிட்ட இருந்து திரும்பத் திரும்ப வர கேள்விங்களை ஒரே இடத்துல சேர்த்திருக்கேன். வால் கிழிஞ்சிருக்குன்னு பாத்த உடனே மருந்து வாங்க ஓடாதீங்க, முதல்ல தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க, அப்புறம் யாரு யாரைத் துரத்துறாங்கன்னு கொஞ்ச நேரம் உக்காந்து பாருங்க. பாதி பிரச்சனைக்கு பதில் அங்கயே கிடைச்சிடும்.

ஒரு மீன் இன்னொன்னை விடாம துரத்துது. சண்டையா?

பெரும்பாலும் சண்டை இல்ல. ஃபைட்டர் மீன், சிக்லிட் எல்லாம் இது என் இடம்னு பிடிச்சு வச்சுக்கிட்டு உள்ள வரவனை அடிக்கும். கோல்ட்ஃபிஷ் அப்படி இல்ல, அது கெண்டை குடும்பம், கூட்டமா மேஞ்சு திரியற மீன். அதனால அது துரத்துதுன்னா பின்னாடி ஒரு காரணம் இருக்கும்: இனப்பெருக்கம், பசி, இட நெருக்கடி, இல்லன்னா எதிர்ல இருக்கிற மீனுக்கு உடம்பு சரியில்ல. எப்போ துரத்துது, எங்க போய் இடிக்குது, ஒரே மீனையா இல்ல எல்லாத்தையுமா, இதை கவனிச்சாலே எதுன்னு பிடிச்சிடலாம். சாப்பாடு போடும்போது மட்டும்னா அது பசி. காலைல ஆரம்பிச்சு ஒரு மீனோட பின்பக்கத்தையே குறி வச்சு முட்டுதுன்னா இனப்பெருக்கம். நாள் பூரா, பாக்கிற மீனையெல்லாம் விரட்டுதுன்னா அதான் நிஜமான தொல்லை, அதுக்கு கீழ தனியா எழுதியிருக்கேன்.

இனப்பெருக்கத் துரத்தல்னு எப்படி உறுதியா சொல்றது?

ஆண் மீன் பெண் மீனுக்கு ரொம்ப நெருக்கமா பின்னாடியே போகும், வயித்துப் பக்கமும் வாலுக்குக் கீழயும் மூக்கால இடிக்கும், செடிப் பக்கமோ மூலைக்கோ தள்ளிக்கிட்டுப் போகும். ரெண்டு மூணு ஆண் சேர்ந்து ஒரே பெண்ணை நெருக்கறதும் உண்டு, பாக்க கும்பலா அடிக்கிற மாதிரியே இருக்கும். ஆண் மீனோட செவுள் மூடி மேலயும், பக்கத்துத் துடுப்போட முதல் முள் மேலயும் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிங்க வரிசையா இருந்தா சந்தேகமே வேண்டாம். பெண் மீன் பொதுவா கொஞ்சம் குண்டா, மேல இருந்து பாத்தா வயிறு ஒரு பக்கம் புடைச்ச மாதிரி இருக்கும்.

குளிர் குறைஞ்சு தண்ணி சூடாக ஆரம்பிக்கிற காலத்துல இது அதிகம். பெரிய அளவுல தண்ணி மாத்தின மறுநாளும் திடீர்னு ஆரம்பிக்கும், நிறைய பேர் "நேத்து தண்ணி மாத்தினேன், இன்னைக்கு பைத்தியம் பிடிச்ச மாதிரி துரத்துது"ன்னு பயந்து கேக்கிறது இதைத்தான். சில மணி நேரத்துல முடியலாம், சில சமயம் ரெண்டு மூணு நாள் இழுக்கும். முட்டை போட்டா செடியிலயும் கண்ணாடியிலயும் ஒட்டிக்கும், மிச்சத்தை அதுங்களே தின்னுடும். முட்டை போட்டு முடிச்சதும் தண்ணி கலங்கி, மேல நுரை கட்டி, ஒரு வாடை வரும், அன்னைக்கே கொஞ்சம் தண்ணி மாத்திடுங்க, இல்லன்னா அம்மோனியா ஏறிடும்.

அந்த வெள்ளைப் புள்ளி இக் நோய் (ஒட்டுண்ணியால வர வெள்ளைப் புள்ளி நோய்) இல்லையா?

இடத்தைப் பாருங்க. செவுள் மூடியிலயும் பக்கத்துத் துடுப்பு முன் ஓரத்துலயும் மட்டும், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, மீன் சுறுசுறுப்பா இருக்குன்னா அது ஆண் மீனோட அடையாளம், மருந்து போடவே கூடாது. உடம்பு, வால், முதுகுத் துடுப்புன்னு உப்பைத் தூவின மாதிரி கண்ட இடத்துல இருந்து, மீன் கல்லுல செடியில உடம்பைத் தேச்சுக்கிச்சுன்னா அது இக். இன்னொன்னு, ஒட்டுண்ணி இருக்கிற மீன் அரிப்பு தாங்காம திடீர்னு பாயும், அதைப் பாத்துட்டு இன்னொரு மீனை அடிக்கப் போகுதுன்னு நினைச்சுக்கிறாங்க. யாரையும் நோக்கிப் போகாம சும்மா தறிகெட்டுப் பாயுதுன்னா ஒட்டுண்ணி பக்கமும் யோசிங்க.

பெண் மீன் களைச்சுப் போய் அடியில கிடக்கு. பிரிக்கணுமா?

பிரிங்க, யோசிக்கவே வேண்டாம். குளம்னா ஓடி ஒளிய இடம் இருக்கும், டேங்க்ல நாலு சுவர் தான். மணிக்கணக்கா துரத்து வாங்கின பெண் மீனுக்கு செதில் உதிரும், வால் கிழியும், ரொம்ப மோசமா போனா அந்தக் களைப்புலயே செத்தும் போகும். ஒரு சுத்தமான பிளாஸ்டிக் டப்புல டேங்க் தண்ணியையே ஊத்தி, ஏர் ஸ்டோன் (காத்துக் குமிழ் விடற கல்) போட்டு, முடிஞ்சா ஓடிக்கிட்டிருக்கிற ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் வச்சு, ரெண்டு மூணு நாள் அமைதியா விடுங்க. டப்புல ஃபில்டர் இல்லன்னா தினமும் பாதித் தண்ணி மாத்தணும். இன்னொரு டேங்குக்கு வழியே இல்லன்னா ஓட்டை போட்ட தடுப்புப் பலகை வச்சு நடுவுல பிரிக்கலாம், தண்ணி ரெண்டு பக்கமும் ஓடணும், அது முக்கியம். குட்டி மீனுக்குன்னு விக்கிற தொங்கும் பெட்டி வேண்டாம், வளர்ந்த கோல்ட்ஃபிஷ் அதுல திரும்பக்கூட முடியாது.

ஒரே பெண், ரெண்டு மூணு ஆண்னு இருந்தா இது ஒவ்வொரு தடவையும் வரும். சின்ன மீனா வாங்கும்போது ஆணா பெண்ணான்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியாது, ஒரு வயசு வாக்குல தான் தெரிய ஆரம்பிக்கும். தெரிஞ்சதுக்கு அப்புறம் பெண் எண்ணிக்கை அதிகமா இருக்கிற மாதிரி மாத்திக்கிறது நல்லது.

சாப்பாடு போடும்போது மட்டும் இடிச்சுத் தள்ளுது. என்ன பண்றது?

கோல்ட்ஃபிஷுக்கு இரைப்பையே கிடையாது. தின்னது நேரா குடலுக்குப் போயிடும், அதனால எவ்வளவு போட்டாலும் தேடிக்கிட்டே தான் இருக்கும், அது அதோட இயல்பு. ஒரே மூலையில மொத்தமா கொட்டினா பெரிசும் வேகமானதும் முந்திக்கும், மத்தது இடி வாங்கும். அடியில இறங்கற பெல்லட்டை டேங்கோட ரெண்டு மூணு இடத்துல பரவலா போடுங்க, ஒரே வேளையா இல்லாம கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு மூணு வேளை, ஒவ்வொரு தடவையும் ரெண்டு நிமிஷத்துல தீர்ற அளவு போதும். நடுவுல மேயறதுக்கு வெந்த கீரை, தோல் உரிச்ச பட்டாணி, இல்ல டேங்க்லயே பாசிச் செடி ஏதாவது இருந்தா கவனம் அதுல போயிடும். சும்மா இருக்கிற மீன் தான் அடுத்தவன் வாலைப் போய் சப்பிப் பாக்கும்.

பல்லே இல்லாத மீன் எப்படி வாலைக் கிழிக்குது?

பல்லு உண்டு, ஆனா வாயில இல்ல, தொண்டைக்குள்ள இருக்கு, சாப்பாட்டை அரைக்க. அதனால பிரானா மாதிரி கடிச்சுத் துண்டு எடுக்காது. வாயால உறிஞ்சிப் பிடிச்சு இழுக்கும், மெல்லிசான நீள வால் அந்த இழுப்புலயே கிழிஞ்சிடும். ஏற்கனவே அழுகி நைஞ்சு போன வால்னா இன்னும் சுலபமா வந்துடும், அதுவும் அதுக்கு ஒரு தீனி தான். அதனால தான் சொல்றேன், கொத்தறதைப் பாத்த உடனே கொத்தினவன் மேல மட்டும் பழி போடாதீங்க, கொத்து வாங்கின வால் எந்த நிலையில இருக்குன்னு பாருங்க.

வால் கிழிஞ்சது கடிச்சதாலயா, ஃபின் ராட்டா (பாக்டீரியாவால துடுப்பு அழுகற நோயா)? வித்தியாசம் எப்படி?

இந்தப் பக்கத்துல இதான் முக்கியமான கேள்வி, ஏன்னா ரெண்டுக்கும் வைத்தியம் வேற.

இடிபட்டோ மாட்டிக்கிட்டோ கிழிஞ்சதுன்னா கிழிசல் நேரா, துடுப்பு நரம்புக்கு நடுவுல சுத்தமா பிளந்திருக்கும், ஓரம் நிறம் மாறியிருக்காது, நேத்து இல்லாதது இன்னைக்கு திடீர்னு இருக்கும், அதுக்கப்புறம் பெருசாகாது. ஃபின் ராட்னா ஓரம் நைஞ்சு, பிசிறு பிசிறா, பால் மாதிரி வெள்ளையா இல்ல ரத்தச் சிவப்பா ஒரு கோடு ஓடும், நாளுக்கு நாள் உள்ள நோக்கி அரிச்சுக்கிட்டே வரும். ஒண்ணுக்கு மேற்பட்ட மீனுக்கு ஒரே சமயத்துல வால் ஓரம் நையுதுன்னா அது நிச்சயமா ஒரு மீனோட சேட்டை இல்ல, தண்ணி கெட்டுப் போயிருக்கு.

ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் மாதிரி பாக்டீரியா எல்லா டேங்க்லயும் எப்பவும் இருக்கிறது தான். மீனோட எதிர்ப்பு சக்தி குறையும்போது தான் அது உள்ள நுழையும், குறையறதுக்கு முதல் காரணம் மோசமான தண்ணி. அதனால இன்னைக்கு சுத்தமா கிழிஞ்ச வால் கெட்ட தண்ணியில கிடந்தா அடுத்த வாரம் ஃபின் ராட்டா மாறும், ரெண்டும் தனித்தனிக் கதை இல்ல.

தினமும் ஒரே கோணத்துல ஒரு போட்டோ எடுத்து வைங்க, தேதியோட. கண்ணால பாத்து "கூடியிருக்கா குறைஞ்சிருக்கா"ன்னு ஞாபகத்துல இருந்து சொல்றது ரொம்ப கஷ்டம், போட்டோவை பக்கத்துல பக்கத்துல வச்சா உடனே தெரியும்.

யாரும் கடிக்கல, தண்ணியும் நல்லா இருக்கு, ஆனாலும் கிழியுதே?

டேங்க் உள்ள கைய விட்டுத் தடவிப் பாருங்க. கூரான கல், பிளாஸ்டிக் செடி, ஓட்டை வச்ச பொம்மை, இதெல்லாம் நீள வாலுக்கு எமன். ஒரு பழைய நைலான் துணிய அது மேல இழுத்துப் பாருங்க, நூல் மாட்டுதுன்னா வாலும் மாட்டும். அப்புறம் ஃபில்டர் தண்ணிய இழுக்கிற வாய், அதுல ஒரு ஸ்பாஞ்ச் மாட்டிடுங்க, களைச்சுப் போன மீன் அங்க போய் ஒட்டிக்கிட்டா வால் நாசம். மீனை எடுக்கும்போது வலையில அள்ளாம கிண்ணத்துல தண்ணியோட மொண்டு எடுங்க, முக்கியமா கண் வெளிய தள்ளியிருக்கிற ஜாதியா இருந்தா.

தண்ணியில எதை எதை பாக்கணும்? பாக்கத் தெளிவா தானே இருக்கு?

தெளிவா இருக்கிறதுக்கும் நல்லா இருக்கிறதுக்கும் சம்பந்தமே இல்ல, அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. சொட்டு மருந்து விட்டுப் பாக்கிற டெஸ்ட் கிட் ஒண்ணு வச்சுக்கோங்க. அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20 பிபிஎம் (லிட்டருக்கு 20 மில்லிகிராம்) பக்கம் இருந்தா சந்தோஷம், 40-ஐ தாண்ட விடாதீங்க. மீன் செவுள் வழியாவே அம்மோனியா விடும், ஃபில்டர்ல வளர்ற பாக்டீரியா அதை நைட்ரைட்டாவும் அப்புறம் நைட்ரேட்டாவும் மாத்தும், புது டேங்க்ல இந்த பாக்டீரியா நிலைக்க சாதாரணமா 4 முதல் 6 வாரம் ஆகும். புது டேங்க் வச்ச முதல் மாசத்துல வால் நையுது, துடுப்புல சிவப்புக் கோடு ஓடுதுன்னு வர கேள்விங்க ஏராளம், காரணம் இது தான். பிஹெச் (தண்ணியோட அமில-கார அளவு) அதிகமான தண்ணியில அதே அளவு அம்மோனியா இன்னும் விஷமாகும், அதையும் மனசுல வைங்க.

அம்மோனியா இல்ல நைட்ரைட் தெரிஞ்சா அன்னைக்கே கால்வாசியில இருந்து பாதி வரைக்கும் தண்ணி மாத்துங்க, அளவு 0 ஆகிற வரைக்கும் தினமும் டெஸ்ட் பண்ணி மாத்திக்கிட்டே இருங்க, சாப்பாட்டைக் குறைச்சிடுங்க. குழாய்த் தண்ணில குளோரின் இருந்தா அதை நீக்கற டீகுளோரினேட்டர் மருந்து கட்டாயம். ஃபில்டர் ஸ்பாஞ்ச குழாய்ல பிடிச்சு பளிச்சுன்னு கழுவுறதை தயவுசெஞ்சு விட்டுடுங்க, அந்த குளோரின் பாக்டீரியாவைக் கொன்னுடும், டேங்க்ல இருந்து எடுத்த பழைய தண்ணியில அலசினா போதும்.

உப்பு போடலாமா? எவ்வளவு?

போடலாம், கோல்ட்ஃபிஷ் உப்பை நல்லாவே தாங்கும். ஆனா வேற எதுவும் கலக்காத சாதா உப்பா இருக்கணும். லேசான கிழிசலுக்கு லிட்டருக்கு 1 கிராம் போதும். அரிச்சுக்கிட்டு வருதுன்னா லிட்டருக்கு 3 கிராம் வரைக்கும் போகலாம், ஆனா ஒரே தடவையா கொட்டக்கூடாது, மூணு பங்கா பிரிச்சு 12 மணி நேரத்துக்கு ஒரு பங்கா, தனியா கரைச்சு ஊத்தணும். 100 லிட்டர்னா மொத்தம் 300 கிராம், தடவைக்கு 100 கிராம். அளவு தெரியலன்னா டேங்கோட நீளம் அகலம் தண்ணியோட உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 1000-ஆல வகுங்க, லிட்டர் வந்துடும், 90க்கு 30க்கு 40னா 108 லிட்டர், அதுல கல்லு பிடிச்ச இடத்தைக் கழிச்சுக்கோங்க.

நிறைய பேர் தப்பு பண்ற இடம் ஒண்ணு இருக்கு. தண்ணி ஆவியானா உப்பு கூடவே போகாது, உள்ளயே தான் இருக்கும். அதனால ஆவியான அளவுக்கு நிரப்பும்போது உப்பு சேர்க்காதீங்க, வெளிய எடுத்து மாத்தின தண்ணிக்கு மட்டும் சேருங்க. செடி, நத்தை இருந்தா அந்த டேங்க்ல போடாம மீனை டப்புல தனியா வச்சு போடுங்க. ஒரு வாரம் பத்து நாள் போதும், அப்புறம் தண்ணி மாத்தி மாத்திக் குறைச்சிடுங்க. உப்பை எப்பவும் போட்டே வைக்கணும்னு சொல்றதை நான் ஏத்துக்கிறதில்ல, காயத்துக்குத் தான் அது.

மருந்து எப்போ?

தண்ணி சரியாகி, உப்பும் போட்டு, நாலஞ்சு நாள் ஆகியும் அரிப்பு உள்ள போய்க்கிட்டே இருந்தா. இல்ல வால் அடியில சதை வரைக்கும் சிவந்துடுச்சு, மீன் சாப்பிடல, செதில் தூக்கிக்கிச்சுன்னா காத்திருக்கவே வேண்டாம், மீன் பாக்கிற கால்நடை மருத்துவர் கிடைச்சா கேட்டு, பாக்டீரியாவுக்கான மருந்தைத் தனி டப்புல போடுங்க. மெயின் டேங்க்ல மருந்தை ஊத்தினா ஃபில்டர் பாக்டீரியாவும் சேர்ந்து போகலாம், மெத்திலீன் ப்ளூவும் அந்த ரகம் தான். ரெண்டு மூணு மருந்தை ஒண்ணா கலக்காதீங்க. மருந்து போட்ட தண்ணில ஏர் பம்ப் வேகமா ஓடணும், சில மருந்து ஆக்ஸிஜனைக் குறைக்கும்.

ஒரே ஒரு மீன் எல்லாரையும் படுத்துது. அதுக்கு என்ன வழி?

இது குறைவு தான், ஆனா இருக்கு. மத்த மீன் எல்லாம் மூலையில ஒதுங்கி, அது வந்தா சாப்பாட்டை விட்டுட்டு ஓடுதுன்னா அடி வாங்கினதை இல்ல, அடிக்கிறதை வெளிய எடுங்க. ஒரு வாரம் தனி டேங்க்ல வைங்க. அந்த நேரத்துல மெயின் டேங்க்ல செடி, கல் எல்லாத்தையும் இடம் மாத்தி அடுக்குங்க. திரும்ப விடும்போது லைட்டை அணைச்சுட்டு, மத்ததுக்கு சாப்பாடு போட்டுட்டு விடுங்க. பல சமயம் இதுலயே அடங்கிடும். திரும்பவும் ஆரம்பிச்சா ஒரு முடிவுக்கு வரணும், ஒண்ணு பெரிய டேங்க், இல்ல அதுக்குத் தனி இடம். கிழிஞ்ச வாலோட மத்த மீன் தினமும் பயந்து வாழறதை விட இது மேல்.

நோஞ்சான் மீனைச் சுத்தி மத்ததெல்லாம் கொத்துது, ஏன்?

சரியா நீந்த முடியாம இருக்கிற மீனை மத்தது சோதிச்சுப் பாக்கும், சப்பும், தள்ளும். வன்மம் இல்ல, ஆனா அந்த மீனுக்கு அது தாங்காது. இங்க கொத்து வாங்கறதைத் தான் பிரிக்கணும், ஏன்னா அதுக்கு ஏதோ நோய் இருக்கு. நேத்து வரைக்கும் ஒண்ணா இருந்த கூட்டம் இன்னைக்கு ஒருத்தனை மட்டும் குறி வைக்குதுன்னா, நம்ம கண்ணுக்குத் தெரியாத ஏதோ அதுங்களுக்குத் தெரிஞ்சிருக்குன்னு எடுத்துக்கோங்க, ஒதுக்கி வச்சு நல்லா பாருங்க.

எந்த ஜாதிய எதோட சேர்க்கக் கூடாது?

ஒத்தை வால் ஜாதி, அதாவது காமன், காமெட், ஷுபன்கின், இதுங்க எல்லாம் அம்பு மாதிரி போகும். குண்டு உடம்பு, ரெட்டை வால் வச்ச ஒரண்டா, ரியூக்கின், ஃபேன்டெயில் எல்லாம் மெதுவா ஆடிக்கிட்டு வரும். ரெண்டையும் சேர்த்தா மெதுவானது பட்டினி கிடக்கும், இடியும் வாங்கும். பபிள் ஐ, செலஸ்டியல், டெலஸ்கோப் இன்னும் பாவம், கண் சரியா தெரியாது, பபிள் ஐக்கு கண்ணுக்குக் கீழ தொங்கற தண்ணிப் பையை இன்னொரு மீன் உறிஞ்சிட்டா உடைஞ்சே போயிடும், அதுங்களை அதே மாதிரி ஜாதியோட மட்டும் வைங்க. பிளாக் மூரும் டெலஸ்கோப் ஜாதி தான், மறந்துடாதீங்க.

சக்கர் ஃபிஷ், பார்ப் எல்லாம் கூட வைக்கலாமா?

வேண்டாம். "டேங்க் கிளீன் பண்ணும்"னு சொல்லி குடுக்கிற சக்கர், ராத்திரி கோல்ட்ஃபிஷ் உடம்புல ஒட்டி அதோட வழவழப்பை உறிஞ்ச ஆரம்பிச்சா விடாது, காலைல பாத்தா பக்கத்துல வட்டமா செதில் போன காயம் இருக்கும், பகல்ல பாத்தா எல்லாம் அமைதியா இருக்கும், அதனால யாருமே அதை சந்தேகப்பட மாட்டாங்க. டைகர் பார்ப் நீள வாலைக் கண்டா கொத்தாம இருக்காது. சிக்லிட், ஃபைட்டர் பத்தி சொல்லவே தேவையில்ல.

டேங்க் எவ்வளவு பெருசு வேணும்?

குண்டு ஜாதி ரெண்டுக்கு 100 லிட்டருக்குக் கீழ நான் யாருக்கும் சொல்றதில்ல, கூட ஒவ்வொண்ணுக்கும் 40 லிட்டராவது சேருங்க. உயரத்தை விட நீளம் முக்கியம், துரத்து வாங்கிற மீன் விலகிப் போக இடம் வேணும். காமன், காமெட் நல்லா வளர்ந்தா 30 சென்டிமீட்டரை எட்டும், அதுக்கு குளம் தான் சரி. வட்டக் கண்ணாடிக் கிண்ணத்துல ரெண்டு மீன் போட்டுட்டு ஏன் அடிச்சுக்குதுன்னு கேட்டா, கிண்ணம் தான் காரணம்.

கிழிஞ்ச வால் திரும்ப வளருமா?

வளரும். சின்னப் பிளவு ரெண்டு மூணு வாரத்துல மூடிக்கும், பாதி வால் போனா மாசக்கணக்குல ஆகலாம். புதுசா வளர்ற ஓரம் முதல்ல கண்ணாடி மாதிரி நிறமில்லாம இருக்கும், அதைப் பாத்து திரும்ப ஃபின் ராட்னு நினைச்சு மருந்து போட்டுடாதீங்க. ஃபின் ராட்ல ஓரம் பிசிறா இருந்து வால் குறையும், இதுல ஓரம் மென்மையா இருந்து வால் நீளும், அந்த போட்டோ இப்போ தான் உதவும். வளர்ந்த இடத்துல நிறம் மாறலாம், நரம்பு லேசா வளைஞ்சும் வரலாம், மீனுக்கு ஒண்ணும் ஆகாது. உடம்போட சேர்ற அடிப்பகுதி வரைக்கும் அரிச்சுப் போயிருந்தா மட்டும் அந்த இடம் திரும்ப வராமலே போகலாம், அதனால தான் அது வரைக்கும் விடாதீங்கன்னு சொல்றது.

ஆறிக்கிட்டு வர இடத்துல கருப்பா வருதே?

அம்மோனியா எரிச்சல் பட்ட இடமும் சில காயமும் ஆறும்போது கருக்கும். பெரும்பாலும் நல்ல அறிகுறி தான், தானா மறையும். ஆனா கருப்பு புதுப் புது இடத்துல வந்துக்கிட்டே இருந்தா அம்மோனியா இன்னும் இருக்குன்னு அர்த்தம், டெஸ்ட் பண்ணுங்க.

புது மீன் சேர்க்கும்போது?

3 வாரமாவது தனியா வச்சுப் பாருங்க, ஒட்டுண்ணியோட வந்திருந்தா அதுக்குள்ள தெரிஞ்சிடும். அளவு பழைய மீனுக்குக் கிட்டத்தட்ட சமமா இருக்கணும். விட்ட முதல் நாள் ரெண்டு நாள் மோந்து பாக்கும், பின்னாடியே சுத்தும், அது சகஜம். மூணாவது நாளும் புதுசு சாப்பிட வராம மூலையில நின்னா தடுப்பு போட்டுடுங்க, ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டே ஒரு வாரம் இருக்கட்டும், அப்புறம் எடுத்துப் பாருங்க.

அடிச்சுக்குதேன்னு ஒண்ணை மட்டும் தனியா வளர்க்கலாமா?

காயம் ஆற கொஞ்ச நாள் தனியா இருந்தா தப்பில்ல. எப்பவுமே தனியான்னா, மனசு ஒப்பல, கூட்டமா இருக்கிற மீன் அது. அமைதியான, அதே வேகத்துல நீந்தற ஒரு துணையாவது குடுத்துப் பாருங்க.